பொதுச் சுவர்

ஜூன் 3, செவ்வாய்

பலகை ஏறிவிட்டது. ஜெரால்டுக்குப் போன் செய்து சொன்னேன். "இனி பூகம்பமே வந்தாலும் உன் ஊசி அசையாதுடா நாச்சி" என்றான். அவன் சொல்வதில் பாதி பீற்றல். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரி.

தேக்கு மேஜையில் வைத்திருந்தவரை சாந்தாமணி அடுக்களையிலிருந்து ஹாலுக்கு வந்தாலே ரெக்கார்டு பிளேயரின் ஊசி குதிக்கும். கொஞ்சம் மெதுவாக நடக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "நான் என்ன ஆனையுங்களா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தரை ஆடும், சுவர் ஆடாது. அதனால்தான் எங்களைப் போன்ற இசைத்தட்டு ஆசாமிகள் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, பலகை போட்டு, பிளேயரை அதன்மேல் வைப்பது. எங்கள் ஹாலில் காலியாக இருப்பது ஒரே ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் லோகநாதன் வீடு. இரண்டு வீட்டுக்கும் அது பொதுச் சுவர். எங்கள் வாசல் கதவும் அதே சுவரின் கோடியில்தான் இருக்கிறது. துளை போட்ட சத்தத்துக்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல ஜோடி, வாய் திறப்பதில்லை.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, நான், ஜெரால்டு, முபாரக் எல்லாம் சேர்ந்த இசைத்தட்டு வட்டத்தின் கூட்டம் என் வீட்டில். ஆளுக்கொரு இசைத்தட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். யாருடையது என்று சொல்லாமல் போடுவார்கள், எல்லோரும் ஹெட்ஃபோனில் கேட்டு ஓட்டுப் போடுவார்கள். போன தடவை ஜெரால்டு ஜெயித்துவிட்டு ஒரு வருஷம் முழுக்க என் உயிரை எடுத்தான். இந்தத் தடவை என்னிடம் ஒரு வீணைத் தட்டு இருக்கிறது. யாரோ ஒரு அம்மாள் வாசித்தது, உறையில் பெயர்கூட அழிந்துவிட்டது. ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் கிடக்கிற அமைதிதான் அதில் விசேஷம். அந்த அமைதியை ஒரு தூசி இல்லாமல் எடுத்துக் கொடுத்தால் ஜெரால்டு மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

தட்டுகளை விற்றுக் கேசட் வாங்கியவன் நான். கேசட்டைக் கடாசிவிட்டு சிடிக்குப் போனேன், சிடியைப் பரணில் ஏற்றிவிட்டு எம்பி3, அப்புறம் முபாரக் பேச்சைக் கேட்டு ஏதேதோ பெரிய ஃபைல்கள். இப்போது மறுபடி தட்டு. "சுத்திச் சுத்தி அதே எடத்துலதானுங்க வந்து நிக்கறீங்க" என்கிறாள் சாந்தாமணி. அவளுக்குச் சொன்னால் புரியாது.

புது ஹெட்ஃபோன் காதை முழுக்க மூடுகிற வகை. மாட்டினால் கோயமுத்தூரே காணாமல் போய்விடுகிறது. மின்வாரியத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமலிலேயே வாழ்க்கையைக் கழித்தவனுக்கு இதைவிடப் பெரிய பென்ஷன் கிடையாது. நடுவில் சாந்தாமணி எதிரே வந்து நின்று ஏதோ சொன்னாள். தலையை ஆட்டினேன். போய்விட்டாள்.

ஜூன் 5, வியாழன்

முதல் பதிவு. பாதி வழியில் ஒரு 'தொம்'. தட்டில் கீறல் இல்லை, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். எர்த் கோளாறாக இருக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

புது எர்த் கம்பி இழுத்தேன். 'தொம்' அப்படியே இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

இன்று 'தொம்' ஒன்றல்ல, வரிசையாக வந்தது. முதலில் கனமாக ஒன்று, பிறகு சின்னச் சின்னதாக, கொஞ்சம் இடைவெளி, மறுபடி கனமாக. மத்தியானத்தில்தான் வருகிறது. காலையில் ஒன்றுமே இல்லை.

ரப்பர் பந்துகளைப் பாதியாக அறுத்து பிளேயரின் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். இதுவும் எங்கள் ஆட்களின் வைத்தியம்தான். பந்து அறுத்துக்கொண்டிருந்தபோது சாந்தாமணி பார்த்துவிட்டு, "பேரனுக்கு வாங்கியாந்ததுங்க அது" என்றாள். பேரன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு ஊரெல்லாம் பந்து.

பதிவு ஓடும்போது அவள் வந்து தோளைத் தட்டினாள். ஒரு பக்கக் காதை மட்டும் தூக்கினேன்.

"பக்கத்து வீட்டுல கேட்டுச்சுங்களா?"

"எனக்கு எங்கடி கேக்கும்? பாரு, ஓடிட்டிருக்கு."

"சாப்புட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் பக்கம் பாழ்.

ஜூன் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். சத்தம் பிளேயரில் இல்லை, சுவரில். பலகைமேல் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்று மணிவாக்கில் கைக்கே தெரிந்தது. லோகநாதன் வீட்டில்தான் எதையோ போட்டு இடிக்கிறார்கள்.

நேராகப் போய் மணி அடித்தேன். கதவைத் திறக்க நேரமானது. லோகநாதனே வந்தான். முப்பத்துச் சொச்சம் வயது, கம்ப்யூட்டர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவன் மனைவி சுகந்தி பின்னால் பீரோவை ஒட்டி நின்றாள், துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போட்டிருந்தாள். இந்த வெயிலில் எப்படித்தான் முடிகிறதோ.

விஷயத்தைச் சொன்னேன். ஊசி, பலகை, வீணை, எல்லாம் விளக்கமாகவே சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். இந்தக் காலத்துப் பையன்களில் அபூர்வம்.

"சாரி சார். பீரோவ அக்கட்டால நகத்திட்டிருந்தோம். இனி செவுத்துப் பக்கமே போக மாட்டோம்."

பிறகு திரும்பி அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "கேட்டியா? நீ பண்ற சத்தம் சார் வீட்டு ரெக்கார்டு வரைக்கும் போகுதாம்."

அவள் என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்லப்போகிறவள் மாதிரி இருந்தது, சொல்லவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை தட்டு ஓடும், அந்த நேரம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஒரு 'தொம்'கூட இல்லை. மனிதன் என்றால் லோகநாதன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்.

ஜூன் 14, சனி

லோகநாதன் வந்திருந்தான், தட்டு கேட்க ஆசை என்று. எனக்கு இதைவிட என்ன வேண்டும். என் நாற்காலியிலேயே உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். வீணையை ஒரு நிமிஷம் கேட்டிருப்பான். கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"வெளிய ஒண்ணுமே கேக்கல சார்."

"அதுதான் இதுல அழகு."

"கதவத் தட்டுனாக் கூடவா?"

"இடி விழுந்தாக் கூட" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவன் ஹெட்ஃபோனைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல பொருள் என்றான். எத்தனை மணிநேரம் தொடர்ந்து கேட்பீர்கள் என்று விசாரித்தான். ஆர்வம் உள்ள பையன். வட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

சாந்தாமணி அவனுக்குக் காபி கொடுக்கவில்லை. வா என்றுகூடக் கேட்கவில்லை. அவன் போனதும் அடுக்களை வாசலில் நின்று பிடித்துக்கொண்டாள்.

"அவனப் போயி ஊட்டுக்குள்ள கூட்டியாந்து ஒக்கார வெச்சிருக்கறீங்களே, உங்களுக்குக் காது இருக்குதா இல்லீங்களா?"

என் காதைப் பற்றி என்னிடமே கேட்கிறாள். ஜெரால்டு இரண்டு ஆடியோ கம்பிக்கு வித்தியாசம் சொல்ல முடியாமல் திணறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. வாயைக் கொடுக்காமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

மகளுக்குக் காய்ச்சலாம், சாந்தாமணி பெங்களூர் கிளம்பினாள். பெட்டியைக் கட்டிவிட்டு வந்து என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போது முதல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, மிக மெல்லிய இடம். கழற்றினால் போச்சு. அவள் பேசினாள். வழக்கத்தைவிட நீளமாக, விரலைச் சுவர்ப் பக்கமும் வாசல் பக்கமும் காட்டிக் காட்டிப் பேசினாள். கேஸ், பால்காரன், மோட்டார், எப்போதும் சொல்வதுதான். தலையை ஆட்டினேன். மறுபடி ஏதோ கேட்டாள், அதற்கும் ஆட்டினேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. தோளைத் தட்டிக் கொடுத்தாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படித் தட்டிக் கொடுத்ததில்லை.

போனபிறகுதான் பார்த்தேன், சின்ன அறையில் பாய் விரித்து, தலையணைக்கு உறை மாற்றி, மடித்த புடவை ஒன்றும் துண்டும் வைத்திருக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை. விருந்தாளி யாராவது வருகிறார்களோ என்னவோ.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் தனி ராஜ்ஜியம். காலையில் தண்ணீர் கேன் எடுக்கக் கதவைத் திறந்தால் எதிரே சுகந்தி. தாடையில் நீலம் பாரித்திருந்தது. பல் வலி என்றாள், நான் கேட்காமலேயே.

"ஆன்ட்டி சொன்னாங்களா அங்கிள்?"

என்ன சொன்னாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெண்டாட்டி சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்லவா முடியும்.

"சொன்னா சொன்னா. அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனையில்ல."

அவள் மூச்சை விட்டாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். கண் கலங்கின மாதிரி இருந்தது. பல் வலி பொல்லாதது.

ஜூன் 18, புதன்

முடித்துவிட்டேன்! இரண்டு பக்கமும் முடிந்தது. காலையில் தெருவில் தார் போட்டதால் மத்தியானம்தான் உட்கார முடிந்தது. ஜெரால்டு அவனுடைய தட்டுகளைத் தலைமுழுகிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஒரே ஒரு எரிச்சல். இரண்டாம் பக்கம் முடிகிற இடத்தில் சுவர்ச் சத்தம் மறுபடி வந்துவிட்டது. இந்த முறை வேறு மாதிரி. லேசாக, வேகமாக, விடாமல், யாரோ தபேலா பழகுகிற மாதிரி. அப்புறம் ஒரு பெரிய 'தொம்', அதோடு சரி. லோகநாதனிடம் பேச வேண்டும். சாப்ட்வேரில் போட்டு ஒவ்வொன்றாகத் தேடித் துடைத்துவிட்டேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துடைத்து எடுத்ததை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டுப் பார்ப்போம், அழுக்கோடு சேர்ந்து இசையும் போய்விட்டதா என்று. இன்று எனக்குப் பொறுமை இல்லை. கேட்காமலேயே மூடிவிட்டேன். இப்போது அந்த அமைதி பால் மாதிரி இருக்கிறது. பால் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, பால் வாங்க வேண்டும்.

அதே நாள், பிறகு

கதவைத் திறந்தேன். வெளிப்பக்கம் என் கதவில் ரத்தம். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் விரல்கள் பதிந்து கீழே வரை இழுபட்டிருக்கிறது. மிதியடிமேல் வளையல் துண்டுகள். ஒரு செருப்பு. கொஞ்சம் தலைமுடி, கொத்தாக.

லோகநாதன் எங்கள் வாசல்களுக்கு முன்னால் இருக்கும் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாளியில் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார். ஆஸ்பத்திரில சேத்துட்டுத்தான் வர்றேன்."

"எங் கதவுல எப்படி..."

"நாந்தான் சார் தூக்கிட்டு ஓடுறப்ப பட்டிருக்கும்."

சொல்லிவிட்டு ஈரத் துணியால் என் கதவையும் துடைத்தான். நான் ஒதுங்கி நின்றேன். அவன் துடைத்து முடிக்கும்வரை நின்றேன். பால் வாங்கப் போகவில்லை.

ஜூன் 19, வியாழன்

சாந்தாமணி போன் செய்தாள். எடுத்ததும், "சுகந்தி ராத்திரி நம்மூட்டுலதான் படுத்துக்கிட்டாளுங்களா?" என்று கேட்டாள்.

சாந்தாமணி ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கு என்ன சொன்னாள் என்று இப்போது எனக்குத் தெரியும். அவன் அடிக்க ஆரம்பித்தால் அவள் வந்து நம் கதவைத் தட்டுவாள். திறந்து உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடுங்கள், நான் வரும்வரை சின்ன அறையில் இருக்கட்டும். செய்வீர்களா? செய்வேன் என்று தலையை ஆட்டியிருக்கிறேன். நிச்சயமாகச் செய்வீர்களா? அதற்கும் ஆட்டியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

சாந்தாமணி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். சுகந்திக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. விலா, இடது முழங்கை. தலையில் உள்காயம், இன்னும் நினைவு வரவில்லை. பிழைப்பாளா என்று டாக்டர் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறாராம்.

என்னை அவள் திட்டவில்லை. "என்ன சொன்னேன்னு கேட்டுட்டுத் தலையாட்டியிருக்கலாமுங்க" என்றாள். அப்புறம் கதவின் முன்னால் உட்கார்ந்து, இடுக்கில் அவன் விட்டுவிட்டுப் போன ரத்தத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள்.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். துடைத்து எடுத்தது கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது, சாப்ட்வேர் எதையும் தொலைப்பதில்லை. அந்த ஃபைலை மட்டும் போட்டேன். வீணை இல்லை. ஒலியை முழுக்க ஏற்றினேன்.

தபேலா என்று எழுதியிருக்கிறேன். அது இரண்டு உள்ளங்கைகள். என் கதவில். முதலில் விரல் எலும்பால், பிறகு உள்ளங்கையால், பிறகு இரண்டு முஷ்டியாலும். என் ஊசி சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. குரலும் இருக்கிறது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அங்கிள், அங்கிள், அங்கிள். அதன் பின்னால் அவன் காலடி, அவசரமே இல்லாமல். அந்தப் பெரிய 'தொம்' அவள் தலை. கதவு நிலையில் மோதியது. அடியில் ஒரு கனம், மேலே ஒரு உடைசல், இரண்டும் ஒன்றாக. அந்த உடைசல்தான் தாடை. எனக்குத் தெரியும், இப்படிப் பிரித்துக் கேட்கத்தானே காதைப் பழக்கி வைத்திருக்கிறேன்.

பிறகு எல்லாவற்றையும் கேட்டேன். ஐந்தாம் தேதி, ஒன்பதாம் தேதி. முதுகு சுவரில் மோதுவது எப்படி இருக்கும், முட்டி எப்படி இருக்கும் என்று இப்போது சொல்வேன். பன்னிரண்டாம் தேதி ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தேன். ஒலியை ஏற்றினால் இருக்கிறது. சுவரிலிருந்து தள்ளி, மெத்தைமேல், வாயைப் பொத்திக்கொண்டு நடக்கிறது. நான் கேட்டுக்கொண்டபடி, இரண்டு மணிக்கு மேல் சத்தமில்லாமல்.

அவனைக் கொல்ல வேண்டும்.

ஜூன் 21, சனி

காலையில் முதல் வேலையாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்தவர் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். "தொம்முதொம்முன்னு ஏதோ கேக்குது சார். இத வெச்சு என்ன பண்றது? அந்தப் பொண்ணு வாயத் தொறந்து சொல்லணும், இல்ல பாத்தவங்க யாராச்சும் சொல்லணும்." குடியிருப்பில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அன்றைக்கு டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். எவனையும் திட்ட எனக்கு வாயில்லை.

படியில் லோகநாதன் எதிரே வந்தான். ஆப்பிள் பை ஒன்று கையில். "டாக்டர் நினைவு திரும்புறது கஷ்டம்ங்கறார் சார்" என்றான், வருத்தமாக. ஜெரால்டுக்குப் போன் போட்டு அவனுடைய ஸ்பீக்கர்களை நாளைக்குக் கொண்டுவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். வேண்டும் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். அதே ஆஸ்பத்திரி, சுகந்தி மேல் மாடியில்.

ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டும் முபாரக்கும்தான் முதலில் வந்தார்கள், நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஜெரால்டின் ஸ்பீக்கர்கள் ஆளுயரம். எங்களைப் போன்ற ஹெட்ஃபோன் ஆட்கள் அதை மதிப்பதில்லை. ஊருக்கே கேட்கும் என்பதுதான் அதில் குறை. எனக்கு அன்று அதுதான் வேண்டியிருந்தது. ஒன்றை வாசலில் நடையைப் பார்த்து வைத்தேன், ஒன்றைப் பால்கனியில். முபாரக் வழக்கம்போல அவனுடைய குட்டி ரெக்கார்டரை மேஜைமேல் ஓடவிட்டான். கூட்டம் நடந்தால் அவன் அதை அணைப்பதே இல்லை.

நடந்ததை இரண்டு பேரிடமும் சொன்னேன். ஜெரால்டு எழுந்து போய் ஒலியை அவனே திருகி முழுக்க ஏற்றினான்.

போட்டேன். அவளுடைய கைகள் நான்கு மாடியையும் தட்டின. கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. அங்கிள் என்ற குரல் கீழே கார் நிற்குமிடம் வரை போயிருக்கும். கதவுகள் திறந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நடைக்கு வந்தார்கள். முடிந்ததும் மறுபடி போட்டேன். அந்த 'தொம்' வந்தபோது மூன்றாம் மாடி அம்மா ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

லோகநாதன் வந்தான். கையில் கிரிக்கெட் மட்டை. முதலில் வாசலில் இருந்த ஸ்பீக்கரை அடித்துக் கிழித்தான், பிறகு பலகைமேல் பாய்ந்தான். என் பிளேயர் இரண்டு துண்டாகப் போனது. பிறகு என்னை அடித்தான், மட்டையால் இல்லை, விரித்த கையால், வலது காதுமேல். உள்ளே ஏதோ கிழிந்தது எனக்கே கேட்டது. அதுதான் அந்தக் காது கேட்ட கடைசிச் சத்தம்.

கீழே கிடந்தபடி பார்த்தேன், பிளேயரின் சுழலும் தட்டு பக்கத்தில் கிடந்தது. கெட்டி அலுமினியத்தில் வார்த்தது, குழந்தையைத் தூக்குவது மாதிரி கனம். இரண்டு கையாலும் எடுத்து அவன் முழங்காலில் அடித்தேன். விழுந்தான். வாயில் அடித்தேன். பல் தெறித்தது. மறுபடி அடித்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. சுகமாக இருந்தது. இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. முபாரக்தான் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தான்.

அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினான். இதை இடது காதால் கேட்டேன்.

"இப்ப மட்டும் கேக்குதாடா கெழவா? உன் கதவத் தட்டித் தட்டிக் கத்துனாளே, தொறந்தியா? முடியப் புடிச்சு இழுத்துட்டுப் போனேனே, ஒருத்தனாச்சும் வந்தீங்களாடா?"

பாத்ரூமில் வழுக்கி விழுந்தவளைப் பற்றி அவனே இப்படிச் சொன்னான். நடை முழுக்க ஆட்கள் நின்று கேட்டார்கள். முபாரக்கின் ரெக்கார்டரும் கேட்டது. ஸ்டேஷனில் இந்தத் தடவை தொம்முதொம்மு என்று யாரும் சொல்லவில்லை. அவனை உள்ளே வைத்துவிட்டார்கள். என்மேலும் ஒரு கேஸ் உண்டு. இருக்கட்டும்.

ஜூன் 26, வியாழன்

வலது காது திரும்பாது என்கிறார் டாக்டர். ஜெரால்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் ஸ்பீக்கர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முபாரக், இரண்டு பக்கத்து ஒலியையும் சேர்த்து ஒரே காதில் கேட்பதற்கு வழி இருக்கிறது என்று என்னவோ சொன்னான். வேண்டாம் என்றேன்.

ஜூன் 28, சனி

சுகந்திக்கு நினைவு வந்துவிட்டது. சாந்தாமணி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் வரவில்லை என்றேன், விடவில்லை.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பல்லிடுக்கில்தான் பேச முடிகிறது. முகம் வீங்கி, ஒரு கண் திறக்கவில்லை. என் காதுக் கட்டைப் பார்த்தாள். அவனை அடித்ததைப் பற்றி சாந்தாமணி ஏற்கெனவே சொல்லியிருப்பாள் போல. எனக்கு நன்றி சொல்லப்போகிறாளோ என்று பயந்தேன், நல்லவேளை சொல்லவில்லை. என்னவோ முனகினாள். என் வலது பக்கம் இருந்தாள், கேட்கவில்லை. வழக்கம்போலத் தலை ஆடப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். கட்டிலைச் சுற்றி வந்து, குனிந்து, இடது காதை அவள் வாயருகே வைத்தேன்.

"சொல்லும்மா. எனக்குக் கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

"ஆன்ட்டி சொன்னாங்கன்னு சொன்னீங்களே அங்கிள்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபம்கூட இல்லை அதில். நான் அங்கேயே அழுதேன். சாந்தாமணி என்னைத் தேற்றவில்லை.

ஜூலை 3, வியாழன்

பலகையைக் கழற்றிவிட்டேன். துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். தட்டுகளை முபாரக் எடுத்துக்கொண்டு போனான். வீணைத் தட்டை மட்டும் தரவில்லை. அந்த ஃபைலில் துடைத்து எடுத்ததையெல்லாம் திரும்பச் சேர்த்து, பழையபடி ஆக்கி, கோர்ட்டுக்குக் கொடுத்தாயிற்று.

காலையில் சுகந்தியைக் கூட்டிவந்தோம். அவள் அண்ணன் திண்டுக்கல்லிலிருந்து வந்து அழைத்துப் போகும்வரை இங்கேதான். சாந்தாமணி விரித்து வைத்த பாய் அப்படியே இருந்தது. புடவைமேல் தூசி படிந்திருந்தது, உதறிக் கொடுத்தாள். சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது என்பதால், எது வேண்டுமானாலும் சுவரில் தட்டச் சொல்லியிருக்கிறாள்.

அதைச் சொல்லும்போது சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை.

மத்தியானம் சாந்தாமணி மருந்து வாங்கப் போனாள். ஹெட்ஃபோன் அலமாரியில் இருக்கிறது, எடுக்கவில்லை. என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது காது சின்ன அறைப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். மிக்ஸி, ஆட்டோ, யார் வீட்டிலோ குழந்தை, மோட்டார். இந்தக் கட்டடத்தில் இவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. பேனாவைக்கூட மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

சுவரில் தட்டுகிறாள். போகிறேன்.